தளிக் குளிருக்கு வந்த டயர்

போன வாரம் பிரகாஷ் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினான். ஒரு டயரின் பக்கவாட்டைப் படம் பிடித்திருந்தான். அதில் மூன்று முனை உள்ள ஒரு மலை, மலைக்குள் ஒரு பூ. கீழே, "அண்ணா, இந்த மார்க் போட்ட டயரை நீங்க கையால மாட்டியிருக்கீங்கன்னு சீனப்பாண்ணா சொன்னாரு, உண்மையா?" என்று கேட்டிருந்தான்.

நான் உடனே பதில் போடவில்லை. எதற்காகக் கேட்கிறான், அந்தச் சரக்கு மறுபடியும் கடைக்கு வந்துவிட்டதா, வாங்கப் போகிறானா விற்கப் போகிறானா என்றுதான் முதலில் யோசித்தேன். டயர்க் கடையை விட்டு வெளியே வந்து இரண்டு வருடம் ஆகிறது. நகத்தில் இருந்த கரி போய்விட்டது. சந்தேகம் போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான். நான் இருந்த இடத்தில் இப்போது அவன்தான் பெரிய ஃபிட்டர். பெங்களூர் பக்கம் வேலை செய்கிற ஒரு கணவன் மனைவி மார்கழியில் காரிலேயே காஷ்மீர் போகிறார்களாம். பனியில் வழுக்காத டயரை இங்கேயே வாங்கி மாட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறார்களாம். அவர்கள் போனில் காட்டிய படம்தான் அது.

"நான் இன்னாண்ணா சொல்றது? வாங்குன்னா, விக்கத்தான் சொல்றான்னு நெனைப்பாங்க. வேணாம்னா, கடைல ஸ்டாக் இல்ல, அதான் இப்டி சொல்றான்னு நெனைப்பாங்க."

"எழுதி அனுப்பறேன்."

"எழுதியா? ரெண்டு வார்த்தைல போன்லயே சொல்லிடுங்கண்ணா."

"ரெண்டு வார்த்தைல வராது."

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. ஆனாலும் எனக்குப் பேசுவதைவிட எழுதுவது சுலபம். எழுதும்போது எதிரில் யாருடைய முகமும் இல்லை. முதுகெலும்பில் தட்டு விலகி, இனி சக்கரம் தூக்காதே என்று டாக்டர் சொன்ன பிறகு, வீட்டில் உட்கார்ந்திருக்க நேரமும் நிறைய இருக்கிறது. உட்கார்ந்துவிடும் வயது இன்னும் வரவில்லை என்பதுதான் கஷ்டம்.

நான் தொழில் கற்றது ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில், லாரிகள் கர்நாடக எல்லைக்காக வரிசையில் நிற்கும் இடத்தில், தென்னங்கீற்றுக் கொட்டகை போட்ட ஒரு பஞ்சர்க் கடையில். லாரி டயரைக் கடப்பாரையால் ரிம்மிலிருந்து பிரிக்கத் தெரிந்துகொள்வதற்குள் இரண்டு விரல் நசுங்கி ஆறியது. பிறகு பக்கத்திலேயே மெஷின் வைத்த பெரிய டயர்க் கடையில் சேர்ந்தேன். மீதி வேலைக்காலம் முழுவதும் அங்கேதான்.

டயர்க் கடை என்பது ஒரு சக்கரத்தைச் சுற்றி இரண்டு பேர் சந்தேகத்தோடு நிற்கிற இடம். பெங்களூர்க்காரர்கள் இங்கே விலை குறைவு என்று எல்லை தாண்டி வருவார்கள். விலை குறைவாக இருப்பதைப் பார்த்ததும் சரக்கில் ஏதோ கோளாறு என்று யோசிப்பார்கள். ஓசூர்க்காரர்களோ பெங்களூர்க்காரனுக்குக் கொடுத்த விலையை நமக்கு மறைக்கிறார்கள் என்று நினைப்பார்கள். பஞ்சருக்கு நிறுத்துகிறவர் டயரில் இருக்கும் ஆணியைப் பார்ப்பதற்கு முன் எங்கள் கையைப் பார்ப்பார். நாங்கள் மட்டும் என்ன, எங்களிடம் வாங்கியது வெடித்துவிட்டது என்று எங்கோ வாங்கிய டயரோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, யார் வந்தாலும் முதலில் அவர் சொல்வது பொய் என்று வைத்துக்கொண்டுதான் குனிவோம்.

இதற்கு சீனப்பா அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். கடையின் முதலாளி பெங்களூரில் இருந்தார், சனிக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களில் சீனப்பா அண்ணன்தான் எல்லாம். வீட்டில் தெலுங்கு, வாடிக்கையாளரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றிலும் மெதுவாகத்தான் பேசுவார். கவிழ்த்துப் போட்ட ஒரு லாரி ரிம்தான் அவருடைய நாற்காலி. சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும்.

பஞ்சர் வண்டி வந்தால் சக்கரத்தைக் கழற்றி, காற்றேற்றி, சோப்புத் தண்ணீர் ஊற்றுவோம். அப்புறம் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சாக்பீஸ் வண்டிக்காரர் கைக்குப் போகும். எங்கே நுரை கிளம்புகிறதோ அங்கே அவரே வட்டம் போட வேண்டும். அவர் வட்டம் போட்டு முடிக்கும் வரை ஃபிட்டர் கையில், ஓட்டையில் திரி நுழைக்கிற ஊசி இருக்கக் கூடாது. "ஓட்டைய நாம எண்ணக் கூடாது. வண்டிக்காரன் எண்ணணும்" என்பார். பக்கத்துக் கடைகளில் ஒரு ஓட்டையோடு போன டயர் நான்கு ஓட்டையோடு வெளியே வருவது எல்லோருக்கும் தெரியும். அதே மாதிரி, டயரை இடம் மாற்றிப் போடும்போது, மாற்றிக் கொடுத்துவிட்டோம் என்ற பேச்சு வராமல் இருக்க வண்டிக்காரரே டயரில் அடையாளம் போட வேண்டும். சிலர் பெயரின் முதல் எழுத்தைப் போடுவார்கள். பாகலூரிலிருந்து வரும் ஒரு பெரியவர் நான்கு டயரிலும் பட்டை பட்டையாகத் திருநீறு போடுவது போல மூன்று கோடு இழுத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுத்தான் நகர்வார்.

சீனப்பா அண்ணன் என்னைக் கடிந்துகொண்டது ஒரே முறை. ஒருவர் காட்டிய டயரைத் தொட்டுப் பார்த்து, எனக்கு என்னவோ பிடிக்காமல், "சரியில்லீங்க" என்று சொல்லிவிட்டேன். எங்கே சரியில்லை என்று அவர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சீனப்பா அண்ணன் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார்.

"மாதேசு, சரியில்லன்னா எங்க சரியில்லன்னு வெரல் வச்சிக் காட்டு. காட்ட முடியலன்னா அது உன் வயித்து வலி. அத கஸ்டமர் தலைல கட்டாத."

அன்றிலிருந்து நான் விரல் வைக்க முடியாத எதையும் வாய் திறந்து சொன்னதில்லை. எப்படியும் நான் அதிகம் பேசுகிறவன் இல்லை, அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் தெரியவில்லை. அந்த டயர்கள் வரும் வரைக்கும்.

ஐப்பசி மழை பிடித்திருந்த சமயம். ஒரு சனிக்கிழமை முதலாளி டெம்போவில் தார்ப்பாய் மூடிய சரக்கோடு வந்தார். பிரித்தால், எல்லாம் கார் டயர். வெளிநாட்டில் கொஞ்ச காலம் ஓடிக் கழற்றியது, கப்பலில் வந்தது என்றார். பழையது என்று சொல்லவே முடியாது. ரோட்டில் படுகிற ரப்பர்க் கட்டைகளை நாங்கள் பட்டன் என்போம், அவை தேயாமல் உயரமாக இருந்தன. ஒவ்வொரு பட்டனிலும் மெல்லிய கத்தியால் கீறியது போல அலை அலையாகக் கோடுகள். பக்கவாட்டில் மலையும் பூவும்.

"குளிர் நாட்டு டயர்ப்பா. மழைல புடிச்சிக்கும். நம்ம ஊர்ல இந்த மாதிரி பாத்திருக்கவே மாட்டீங்க" என்றார் முதலாளி.

சீனப்பா அண்ணன் ஒரு டயரை உருட்டி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அவர் மனதில் ஓடியது எனக்கும் ஓடியது. தேய்ந்த டயரைச் சூடான பிளேடால் மறுபடி வெட்டி, புதுசு போலக் காட்டி விற்கிறவர்கள் இந்த நெடுஞ்சாலையில் உண்டு. இந்த மெல்லிய கோடுகளும் அப்படி இங்கேயே யாரோ வெட்டியதாக இருக்கும் என்று நினைத்தோம். முதலாளி போன பிறகு இரண்டு பேரும் சரக்கு முழுவதையும் சோதித்தோம். உள்ளே கையை விட்டுச் சுற்றிலும் தடவினோம். ஒட்டு இல்லை, கம்பி முறியவில்லை. பக்கவாட்டில் தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் குறிக்கும் நான்கு எண்ணைப் பார்த்தோம். கிழடு தட்டவில்லை. கோடுகளை லென்ஸ் வைத்துப் பார்த்தோம். எல்லாம் ஒரே ஆழம், அச்சில் வந்தது. மனிதக் கை அப்படி வெட்டாது.

"ஏமப்பா, எதுவும் கெடைக்கலயே" என்றார்.

"அதான்ணா சந்தேகமா இருக்குது."

"எதுவும் கெடைக்கலன்னா சந்தேகப்பட உனக்கு இன்னா உரிமை இருக்குது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவரும் அந்த டயர்களை முன்வரிசையில் வைக்கவில்லை. கடையின் பின்சுவரை ஒட்டி அடுக்கச் சொன்னார்.

அடுத்த வாரமே பசவராஜ் வந்தான். தளிக்காரன், வீட்டில் கன்னடம் பேசுகிறவன், எனக்கு நன்றாகத் தெரிந்தவன். தளி ரோட்டில் உள்ள ஊர்களிலிருந்து பெண்களை முதல் ஷிப்டுக்கு ஓசூர் ஃபேக்டரி ஒன்றுக்கு ஏற்றி வருவது அவன் பிழைப்பு. ஏழு பேர் உட்காரும் வண்டியில் பத்துப் பேர் வருவார்கள். அதில் ஒருத்தி என் மனைவி ஜெயம்மா. காலை இருட்டில் கிளம்பி ஆறு மணிக்கு ஃபேக்டரி கேட்டில் இறங்குவார்கள். இரண்டு மணிக்குச் சங்கு ஊதியதும் அதே வண்டியில் திரும்புவார்கள்.

அவன் டயர் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. மழை ரோட்டில் இரண்டு முறை இழுத்துவிட்டதாம். அன்று சனிக்கிழமை, முதலாளி கடையில் இருந்தார். பசவராஜைப் பின்சுவருக்கே கூட்டிப்போனார்.

"எந்த ஊர் நீ? தளியா? அப்ப இது உனக்குன்னே செஞ்சதுப்பா. குளிர்ல மத்த டயர் ரப்பர் மரக்கட்ட மாதிரி ஆயிடும். இது மெத்துனு இருக்கும். ரோட்ட புடிச்சிக்கும்."

வேறு ஊர்க்காரனாக இருந்தால் சிரித்திருப்பான். குளிர் டயரை இங்கே எதற்கு என்று கேட்டிருப்பான். தளிக்காரனிடம் தளி குளிர் என்று சொன்னால் அவன் மறுக்க மாட்டான். ஓசூரே அவனுக்கு வெயில் ஊர். கார்த்திகை மார்கழியில் எங்கள் பக்கம் காலையில் பைக் ஓட்டினால் விரல் மரத்துப்போகும், அதுவும் உண்மைதான். பசவராஜ் டயரை அமுக்கினான், மோந்தான், மலையைத் தடவினான். பிறகு அவனுக்கே உரிய குணம் வந்துவிட்டது.

"இவ்ளோ நல்ல டயர ஏன் சார் இந்த வெலைக்குக் குடுக்கறீங்க?"

"வேணாம்னா விடுப்பா."

"வேணாம்னு யார் சொன்னா. கேக்கறேன்." என் பக்கம் திரும்பினான். "மாதேஷா, நீ சொல்லு. உன் வீட்டம்மாவும் நம்ம வண்டிலதான வர்றாங்க. போடலாமா?"

முதலாளி என்னைப் பார்த்தார். சீனப்பா அண்ணன் ரிம்மில் உட்கார்ந்தபடி தரையைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆசை. எங்கே விரல் வைப்பது? எல்லா இடத்திலும் விரல் வைத்துப் பார்த்தாகிவிட்டது.

சீனப்பா அண்ணன்தான் பேசினார். "மொதலாளி, உங்க காருக்கும் இதே அளவுதான். மொதல்ல உங்களுக்குப் போட்டுடலாம். அவன் ஒரு வாரம் பாக்கட்டும்."

முதலாளி மறுப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். மறுத்தால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். அவர் சாவியை என்னிடம் தூக்கிப் போட்டார். "போடுப்பா, நாலும் போடு" என்றார். அவர் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை. அடுத்த சனிக்கிழமை மழையில் அத்திப்பள்ளி தாண்டி வந்து இறங்கி, இந்த மாதிரி டயர் இருபது வருஷத்தில் பார்த்ததில்லை என்றார். பசவராஜ் அன்றே போட்டுக்கொண்டான். நான்கையும் நான்தான் மாட்டினேன்.

அந்த மழைக்காலம் முழுவதும் ஜெயம்மா வீட்டுக்கு வந்து அந்த டயரைப் புகழ்ந்தாள். தண்ணீர் ஓடுகிற ரோட்டிலும் வண்டி அசையாமல் வருகிறதாம். மார்கழிப் பனியில் முன்னால் போகிற வண்டியெல்லாம் திணற, இவர்கள் வண்டி நூல் பிடித்தது போல நேராகப் போகிறதாம். "உங்க கடைல எதயும் நம்ப மாட்டீங்களே, இத இன்னா சொல்றீங்க?" என்று சிரிப்பாள். நானும் என் வயிற்று வலி பொய் என்று ஒப்புக்கொண்டேன். பின்சுவரில் இருந்த சரக்கு முன்வரிசைக்கு வந்தது.

பங்குனியில் ஒரு நாள் மாலை அவள் சிரிக்கவில்லை. "ஏங்க, இன்னைக்கு மத்திகிரி தாண்டி திருப்பத்துல வண்டி பின்பக்கம் வழுக்கிடுச்சிங்க. ரோடு காஞ்சி கெடந்தது. மணல் கூட இல்ல."

"வேகமா வந்தானா?"

"எப்பவும் போலதான். ரெண்டு மூணு நாளாவே இப்டித்தான். சேத்துல நடந்தா கால் வழுக்குமே, அந்த மாதிரி. காலைல ஒண்ணும் இல்ல. வரும்போதுதான்."

காலையில் ஒன்றும் இல்லை, திரும்பும்போதுதான் என்றால் என் சந்தேகம் டயர் மேல் போகவில்லை. பசவராஜ் மேல் போனது. காலை ஷிப்டுக்கு இறக்கிவிட்டு மதியம் வரை சும்மா இருக்கிறவன். எங்காவது குடிக்கிறானா, தூக்கம் இல்லாமல் வேறு சவாரி ஓட்டுகிறானா? மறுநாள் சீனப்பா அண்ணனிடம் சொல்லிவிட்டு, பதினொரு மணிக்கு மேல் ஃபேக்டரி வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போனேன்.

மரம் இல்லாத பெரிய சிமென்ட் தரை. அதன் நடுவில் அவன் வண்டி வெயிலில் நின்றது. பசவராஜ் அடுத்த வண்டியின் நிழலில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தெளிவாக உட்கார்ந்திருந்தான். கண்ணில் தூக்கம் இல்லை. வாயில் வாசனை இல்லை.

"இன்னா மாதேஷா, என்ன மோப்பம் புடிக்கற?"

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்து பின் டயரில் உள்ளங்கையை வைத்தேன். சூடு எதிர்பார்த்ததுதான். நகத்தை அழுத்தினேன். நகம் இறங்கியது. எடுத்த பிறகும் கோடு நின்றது. பக்கத்து வண்டியின் டயரில் அதே மாதிரி அழுத்தினேன். நகம் வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி இவன் டயருக்கு வந்தேன். பட்டன்களின் ஓரம் பிய்ந்து பிசிறு தொங்கியது. குளிரில் மெத்தென்று இருக்கச் செய்த ரப்பர், இந்த வெயிலில் இதற்கு மேல் என்ன ஆகும்?

சீனப்பா அண்ணனுக்கு போன் செய்து, "வெரல் வச்சிட்டேண்ணா" என்றேன். அவர் அரை மணியில் டிவிஎஸ்ஸில் வந்தார். தொட்டுப் பார்த்தார். பசவராஜிடம் வண்டியை இன்றைக்கு எடுக்காதே என்றார்.

"சீனப்பாண்ணா, இதயும் நீங்கதான் வித்தீங்க. இப்ப வேற விக்கறதுக்கு வந்திருக்கீங்களா? உங்க மொதலாளி கார்ல இன்னும் அதேதான் ஓடுது, போன சனிக்கெழமகூட பாத்தேன்."

"அவரு கார் வாரம் பூரா பெங்களூர்ல ஆபீஸ் அடில நிழல்ல நிக்குது. சனிக்கெழமயும் காலைல வராரு, இருட்டுனப்புறம் போறாரு. ஏறுறதும் ஒரே ஆளு."

"இதெல்லாம் அன்னைக்கே தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாது" என்றார் சீனப்பா அண்ணன்.

அந்த ஒரு வார்த்தையில் பசவராஜின் வேகம் கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் நம்பவில்லை. சீனப்பா அண்ணன் வாதாடாமல், காலி இடத்தைக் காட்டினார். மெதுவாக, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, வட்டமாக ஓட்டு என்றார். பசவராஜ் முணுமுணுத்துக்கொண்டே ஏறினான். சில சுற்று சுற்றியதும் இறங்கிவந்து தரையைப் பார்த்தான். வெள்ளைச் சிமென்ட்டில், பிள்ளைகள் ரப்பரால் அழித்தால் நோட்டில் உதிருமே, அந்த மாதிரி கருப்புத் திரி திரியாகக் கிடந்தது. ஒன்றை எடுத்து விரலில் உருட்டினான். அது உருண்டது.

"மழைல அவ்ளோ நல்லா இருந்துச்சே" என்றான். குரல் இறங்கிவிட்டது.

"நல்ல டயருதான் பசவராஜு. இதச் செஞ்சவன் உன்ன ஏமாத்தல. அவனுக்கு இந்த வெயில் தெரியாது" என்றார் சீனப்பா அண்ணன்.

"ரெண்டு மணிக்கு பத்துப் பேர் வந்து நிப்பாங்க. நான் இன்னா பண்றது?"

கடையில் அதே அளவில், ரிம்மோடு நான்கு சக்கரம் இருந்தது. அலாய் ரிம் மாற்றிக்கொண்டு போன ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. டயரும் பாதி உயிரோடு இருந்தது. விற்பதற்கு முதலாளி விலை போட்டு வைத்த சரக்கு. சீனப்பா அண்ணன் அவருக்கு போன் செய்யவில்லை. கடைக்குப் போன் செய்து டெம்போவில் அனுப்பச் சொன்னார்.

"மொதலாளி கேப்பாருண்ணா" என்றேன்.

"கேக்கட்டும். சனிக்கெழமதான கேப்பாரு."

அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலாளி கத்துவார், அண்ணனை வேலையை விட்டு நிறுத்துவார் என்று எல்லோரும் பயந்திருந்தோம். அவர் முழுக்கக் கேட்டார். வெயிலில் நின்ற தன் காருக்குப் போய், குனிந்து, மோதிர விரல் நகத்தை அழுத்திப் பார்த்தார். நிமிர்ந்து வந்து, மீதிச் சரக்கை வெளியே எடுக்கச் சொன்னார். வாங்கிப் போனவர்களைத் தேடிக் கூப்பிடச் சொன்னார். பெரும்பாலோர் வந்தார்கள். ஒருவர் மட்டும் நாங்கள் ஏதோ புது வியாபாரம் செய்கிறோம் என்று நினைத்து, தளி ரோட்டில் இன்றுவரை எங்களைப் பற்றித் தப்பாகச் சொல்கிறார். மீதி டயர்களை ஒரு லாரி வந்து ஏற்றிப் போனது. உருக்கப் போகிறது என்றார்கள். அதை நான் இன்னும் முழுக்க நம்பவில்லை.

பிரகாஷ், உன் காஷ்மீர் ஆட்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். நான் காஷ்மீர்ப் பனியைப் பார்த்ததில்லை, அதனால் பனியைப் பற்றி எனக்குப் பேச்சு இல்லை. இங்கிருந்து பனி வரை போகிற வழி எனக்குக் கொஞ்சம் தெரியும். அது பகலில், ஆட்களும் பெட்டிகளும் ஏற்றிக்கொண்டு, நாள்கணக்கில் காய்ந்த தார் ரோடு. மார்கழியானாலும் எல்லா ஊரும் குளிர் இல்லை. போகும்போது நல்ல சாதாரண டயரில் போகட்டும். பனி தொடங்கும் ஊரில் இருக்கிறவர்கள் என்ன மாட்டுகிறார்கள் என்று அங்கேயே விசாரித்து மாட்டட்டும், இறங்குவதற்கு முன் அங்கேயே கழற்றட்டும். ஆசைக்காக இங்கே வாங்கி, திரும்பி வந்த பிறகு நன்றாகத்தானே இருக்கிறது என்று வைகாசி வரை ஓட்டுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் பங்குனி மதியம் நகத்தை அழுத்திப் பார்க்கச் சொல். நீ சொன்னால் நம்ப வேண்டாம். அவர்கள் நகம் சொல்லட்டும்.

இனி அந்த மதியத்துக்கு வருகிறேன். அதுதான் எனக்கு முழுதாக ஞாபகம் இருக்கிறது.

டெம்போ வரும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. தரை சூட்டில் ஜாக்கி நிற்கும் இடத்தில் பலகை போட்டு, ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றினோம். சீனப்பா அண்ணனும் சட்டையைக் கழற்றிவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்தார். பழைய ரிம்களில் நட்டு உட்காரும் இடத்தில் துரு இருந்தது. துணியால் துடைத்தேன். நன்றாகத் தேய்க்க நேரம் இல்லை. கடைசிச் சக்கரத்தின் கடைசி நட்டை ஸ்பேனரில் ஏறி மிதித்து முறுக்கும்போது சங்கு ஊதியது.

பெண்கள் கேட்டைத் தாண்டி வந்தார்கள். ஜெயம்மா என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"நீங்க இன்னா இங்க?"

"சும்மா."

சீனப்பா அண்ணன் போகலாம் என்று கை காட்டினார். எனக்குப் போக மனம் வரவில்லை. அவசரத்தில் மாட்டியது. துரு. கையால் முறுக்கியது. கடையில் என்றால் முறுக்கு அளவு பார்க்கும் ஸ்பேனர் போட்டு ஒருமுறை பார்ப்போம். நான் பசவராஜிடம் போய், நானும் வருகிறேன் என்றேன். அவன் பின்கதவைத் திறந்துவிட்டான்.

பத்துப் பெண்களுக்கு நடுவில் நான் ஒருவன். பின்சீட்டின் ஓரத்தில், முட்டியைக் கட்டிக்கொண்டு. வாழ்க்கையில் அவ்வளவு நேரம் அவ்வளவு பேர் என்னைப் பார்த்ததில்லை.

"மாதேஷண்ணா, ஒரு ஷிப்டுகூட அக்காவ விட்டு இருக்க முடியலயா?" என்றாள் முன்னால் இருந்த ஒரு பெண்.

"அவரு இன்னா பேசவா போறாரு. வீட்லயே பேச மாட்டாரு" என்றாள் ஜெயம்மா.

"பேசாம எப்டிக்கா கல்யாணம் ஆச்சி?"

"அவங்க அண்ணன் பேசினாரு."

வண்டி முழுக்கச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை, கோபமும் இல்லை. என் காது தரையில் இருந்தது. கடைசியாக அவசரத்தில் மாட்டிய பின் இடது சக்கரத்திலிருந்து டக் டக்கென்று ஏதாவது வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சிரிப்பு சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் சும்மா இருங்கள் என்று சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. மத்திகிரி தாண்டியது. முந்தின நாள் வழுக்கிய திருப்பம் வந்தது. வண்டி நேராகப் போய்த் திரும்பியது. யாரும் கவனிக்கக்கூட இல்லை. பேசிக்கொண்டே வந்தார்கள்.

திருப்பம் தாண்டி ஒரு புளிய மரம் வந்ததும், "பசவராஜ், நிறுத்து" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

இறங்கினேன். சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்தேன். பெண்கள் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன் வலது, முன் இடது, பின் வலது. ஒவ்வொரு நட்டிலும் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினேன். அசையவில்லை. பின் இடதில் முதல் நட்டு அசையவில்லை. இரண்டாவது அசையவில்லை. மூன்றாவது நான் மிதித்ததும் கால் சுற்று திரும்பியது.

அது நின்ற பிறகும் இன்னும் ஒருமுறை மிதித்தேன். மீதி இரண்டையும் பார்த்தேன். மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். பசவராஜ் கீழே இறங்கி வந்து என் தோள் பக்கமாக எட்டிப் பார்த்தான்.

"சரியா இருக்குதா?"

"இருக்குது."

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி, குனிந்து, எல்லா நட்டிலும் அவனே ஒருமுறை போட்டுப் பார்த்தான். நான் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றேன்.